குழலுக்கு முன்னே குரல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சங்கச் செயலாளரும் “நாற்பது வயதைக் கடந்த பெண்களின் உடல்நலம்” என்ற தலைப்பைத்தான் முதலில் தந்தார். எங்கள் வகுப்புத் தோழிகள் தொலைபேசியில் கூடிப் பேசியபோது அது மாறிவிட்டது. “உடம்பைப் பற்றி எங்களுக்கு எங்கள் வைத்தியர்கள் சொல்லுவார்கள். நீர் ரீச்சரின் கேள்விக்குப் பதில் சொல்லும்” என்றார்கள். ஆகவே இது தனியொருவரின் பேச்சல்ல. எங்கள் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும் பதில். முப்பது ஆண்டுகள் பிந்திய பதில்.

அந்தக் கேள்வி எழுந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சில வாரங்களில், இன்னொரு பாடசாலையின் வளவில், மாமரத்தின் கீழ், பின்னேர வேளைகளில் எமது வகுப்புகள் தொடங்கின. கரும்பலகை இல்லை. கதிரை மேசை இல்லை. ஆனால் எமது சங்கீத ரீச்சர் வந்தார். அவருடைய கையில் சுருதிப்பெட்டி இருந்தது. உடுபுடவைகளை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அங்கே ஒருநாள் எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: “ரீச்சர், உலகத்திலை முதன்முதல் பாடினது ஆர்?” ரீச்சர் சிறிது யோசித்தார். “பிள்ளை அழுதிருக்கும். தாய் பாடியிருப்பா” என்றார். “அப்ப முதல் வாத்தியம்?” என்று இன்னொருத்தி கேட்டாள். “அது எனக்குத் தெரியாது. நீங்கள் படிச்சுப்போட்டு வந்து சொல்லுங்கோ” என்றார்.

படித்தோம். ரீச்சர் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தோம். இப்போது அதற்கு வருகிறோம்.

முதல் வாத்தியத்தைத் தேடுபவர்கள் வழக்கமாகப் போய் நிற்கும் இடம் தென்மேற்கு ஜேர்மனி. அங்கே சுவாபியன் யூரா என்ற சுண்ணாம்புக்கல் மலைப்பகுதியில், சிறிய ஆறுகள் டானியூப் நதியை நோக்கி ஓடும் பள்ளத்தாக்குகளில், பல குகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஹோலே ஃபெல்ஸ். 2008ஆம் ஆண்டு நிக்கலஸ் கொனார்ட் தலைமையிலான ரூபிங்கன் பல்கலைக்கழக அகழ்வாய்வுக் குழு அங்கே பன்னிரண்டு எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்தது. அவற்றைப் பொருத்திப் பார்த்தபோது ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர் நீளமும் 8 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட ஒரு குழல் உருவானது. பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பில் செய்யப்பட்ட அந்தக் குழலில் ஐந்து விரல்துளைகள் இருந்தன. ஊதும் முனையை வெட்டிச் சீராக்கியிருந்தார்கள். துளைகளின் அருகே மெல்லிய கீறல்கள் தெரிந்தன. எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்று அளந்து இட்ட அடையாளங்களாக அவை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குழலின் வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல்.

உடற்கூற்றியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு தனி வியப்பு உண்டு. அந்த எலும்பு பறவையின் ஆரை எலும்பு. எங்கள் முன்கையில் பெருவிரல் பக்கமாக ஓடும் எலும்புக்கு நேரானது. ஆனால் எங்களுடைய எலும்பில் நிறைய மச்சை இருக்கிறது. பறப்பதற்காகப் பாரம் குறைந்த கழுகின் எலும்போ மெல்லிய சுவருள்ள வெறுங் குழாய். குழலின் பாதி வேலையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. இறந்த பறவையின் எலும்பை உடைத்து ஒரு முனையில் தற்செயலாக ஊதிப் பார்த்தவர் யாரோ, அவருக்கு அந்த ஓசை கிடைத்திருக்கும்.

ஆனால் கதை அவ்வளவு இலகுவானதல்ல. அதே மலைப்பகுதியில் கைசன்க்லோஸ்ரர்லே என்ற இன்னொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த குழல்களில் ஒன்று மம்மத் யானையின் தந்தத்தில் செய்யப்பட்டது. முப்பத்தொரு துண்டுகளாக உடைந்து கிடந்ததைப் பொருத்தி 2004ஆம் ஆண்டு அறிவித்தார்கள். தந்தத்தின் உள்ளே பறவை எலும்பில் இருப்பதுபோல வெற்றிடம் இல்லை. ஆகவே முதலில் தந்தத்தை நீளவாட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டு பாதிகளையும் தனித்தனியே குடைய வேண்டும். பிறகு காற்று ஒழுகாதபடி ஒட்டி இறுக்க வேண்டும். ஓரிடத்தில் காற்றுப் போனாலும் குழல் ஊமை. கல்லாயுதம் மட்டுமே கையில் இருந்தவர்கள் இத்தனையையும் செய்திருக்கிறார்கள். அந்தக் குகையில் இக்குழல்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் 42,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என 2012இல் வெளியான காபன் காலக்கணிப்பு சொல்கிறது.

இதைச் செய்தவர் ஆணா பெண்ணா என்று தந்தம் சொல்லவில்லை. படங்களில் மட்டும் எப்போதும் தாடி வைத்த ஓர் ஆணின் கையில் குழலைக் கொடுத்து விடுகிறார்கள். பெண்கள் பாடசாலையில் படித்த நாங்கள் அதையும் கவனித்துக்கொள்கிறோம்.

நல்ல எலும்பு கையிலிருக்கும்போது ஒருவர் இவ்வளவு சிரமப்பட்டுத் தந்தத்தில் குழல் செய்கிறார் என்றால், அவருக்குக் குழல் புதிதல்ல. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்திருக்கிறார். அந்த ஒருவருக்கும் ஒரு குரு இருந்திருப்பார். எங்களுக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய குழல்கள் இவை. ஆனால் இவை முதற்குழல்கள் அல்ல. ஒரு பரம்பரையின் நடுவிலிருந்து எங்கள் கைக்கு வந்தவை.

இன்னும் பின்னே போகலாமா என்று கேட்டால், போகலாம், ஆனால் கவனமாக. நாங்கள் பாலம் கடந்த அதே 1995ஆம் ஆண்டு, ஸ்லோவேனியாவில் திவ்யே பாபே என்ற குகையில் இவான் துர்க் என்ற தொல்லியலாளர் இளங் குகைக்கரடி ஒன்றின் தொடை எலும்பைக் கண்டெடுத்தார். அதில் இரண்டு முழுத் துளைகள். வேறு துளைகளின் மிச்சங்களும் தெரிந்தன. வயது 50,000 ஆண்டுகளுக்கு மேல். அந்தக் குகையில் அக்காலத்தில் இருந்தவர்கள் எங்கள் இனத்தவரல்லர், நியண்டர்தால் மனிதர். அது அவர்களுடைய குழல் என்றார்கள் சிலர். ஊனுண்ணி விலங்கு கடித்ததால் உண்டான பல்லடையாளம் என்றார்கள் வேறு சிலர். முப்பது ஆண்டுகளாக அந்த வழக்குத் தீரவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு நிழலைக் கண்டதும் நோயின் பெயரைச் சொல்லிவிடக்கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இங்கேயும் அதே ஒழுக்கந்தான் வேண்டும்.

மாறாக, கையில் இருந்தும் அடையாளம் காணாமல் விட்ட வாத்தியமும் உண்டு. பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரத்தில் மார்சூலாஸ் என்ற குகை. 1931ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய கடற்சங்கு கிடைத்தது. தண்ணீர் குடிக்கும் பாத்திரம் என்று எழுதித் துலூஸ் நகர அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அப்படியே இருந்தது. பிறகு மீண்டும் எடுத்துச் சீ.ரி. ஸ்கான் செய்து பார்த்தார்கள். சங்கின் கூர்முனை உடைக்கப்பட்டிருந்தது. சங்கில் மிகக் கெட்டியான பகுதி அதுதான். தானாக உடைய வாய்ப்பில்லை. உள்ளே சுருள்களிலும் துளையிட்டிருந்தார்கள். உட்புறத்தில் செங்காவியால் இட்ட புள்ளிகள் இருந்தன. அதே குகைச் சுவரில் உள்ள காட்டெருமை ஓவியத்திலும் அதேபோன்ற புள்ளிகள். கொம்பு வாத்தியம் வாசிக்கும் ஒருவரை அழைத்து ஊதச் சொன்னார்கள். 18,000 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சங்கு மூன்று சுரங்களை ஒலித்தது. 2021இல் அந்த ஒலிப்பதிவை உலகம் கேட்டது.

எங்களிடம் கேட்டிருந்தால் அவ்வளவு காலம் எடுத்திருக்காது. முனை உடைத்த சங்கு எதற்கென்று மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் எழும்பிய எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். சேமக்கலமும் சங்கும் ஒழுங்கை வழியே வரும் ஓசையில் நாங்கள் கண்விழித்திருக்கிறோம். செத்தவீட்டிலும் அதே சங்கைக் கேட்டிருக்கிறோம். பொருளை அருங்காட்சியகம் காப்பாற்றலாம். அதை எப்படி ஊதுவது என்ற அறிவை ஊதுகின்ற மனிதர்கள்தான் காப்பாற்ற முடியும்.

சரி, எமது நாட்டில் என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாஹியன்கல குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். குரங்கு முதலிய விலங்குகளின் எலும்பைச் சீவி மிக நுண்ணிய கூர்முனைகளைச் செய்திருக்கிறார்கள். அம்புமுனைகளாகப் பயன்பட்டிருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எலும்பில் இவ்வளவு கைத்திறன் உள்ளவர்கள் பாடாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் குழல் எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. காரணத்தைத் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை. மழைக்காட்டில் மூங்கில் இருக்கிறது, மரம் இருக்கிறது, தோல் இருக்கிறது. எல்லாம் வாத்தியத்துக்கு உகந்தவை. எல்லாம் உக்கிப் போகின்றவை. குளிர்நாட்டுச் சுண்ணாம்புக் குகை எலும்பைக் காப்பாற்றுகிறது. எங்கள் வெக்கையும் கறையானும் மூங்கிலை விட்டுவைப்பதில்லை. கிடைக்காதது எல்லாம் இல்லாதது அல்ல.

இதே நாட்டில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியினர் வேடர் சமூகத்தாரிடையே ஆய்வு செய்து, அவர்களுடைய பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்து சென்றார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர் சாள்ஸ் மையர்ஸ். இவரும் செலிக்மனும் வைத்தியம் படித்தவர்கள் என்பதில் எங்களுக்கு ஒரு சிறு பெருமை. 1911இல் வெளியான நூலில் மையர்ஸ் காட்டிய செய்தி என்னவென்றால், அப்பாடல்களில் சில இரண்டே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தக் காலத்து அறிஞர் சிலர் இதை மனிதகுலத்தின் குழந்தைப் பருவம் என்று எண்ணினார்கள். அது தவறு. 1908இல் பாடிய மனிதர் 1908ஆம் ஆண்டின் மனிதரே. வேறொருவருடைய பழங்காலம் அல்லர். எங்களுக்கு அந்தப் பதிவு கற்றுத்தருவது வேறு. ஒரு முழுப் பாட்டுக்கு இரண்டு சுரம் போதும். ஒரு குரலும் கேட்க ஒரு காதும் போதும்.

ஆகவே முதல் வாத்தியத்தை மண்ணுக்குள் மட்டும் தேடினால் காணமாட்டோம். உடம்புக்குள்ளும் தேடவேண்டும். இது எங்கள் துறை. இனிக் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.

பாடுவதென்றால் என்ன? மூச்சை ஒருதரம் சட்டென்று இழுத்து, பிறகு மெதுவாக, அளந்து, நீளமாக வெளியே விடுவது. ரீச்சர் “மூச்சைச் சிந்தாதேங்கோ” என்று சொன்னது இதைத்தான். அதற்கு விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் நுணுக்கமாக ஆட்டுவிக்க வேண்டும். அந்தத் தசைகளுக்குப் போகும் நரம்புகள் நெஞ்சுப்பகுதி முள்ளந்தண்டிலிருந்து புறப்படுகின்றன. நரம்பிழைகள் கூடினால் முள்ளந்தண்டின் கால்வாயும் அகன்றிருக்க வேண்டும். 1984இல் கென்யாவில் துர்க்கானா ஏரிக்கருகே கிடைத்த, ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய சிறுவனின் எலும்புக்கூட்டில் அந்தக் கால்வாய் ஒடுக்கமானது. குரங்கினங்களின் அளவுதான். நியண்டர்தால் மனிதரிலும் எங்களிலும் அது அகன்றது. பிரித்தானிய ஆய்வாளர் இருவர் 1999இல் இதை எடுத்துக்காட்டினார்கள். பேச்சு எப்படி வந்தது என்பதை விளக்கவே அவர்கள் அதைச் சொன்னார்கள். ஆனால் பேச்சுக்கும் பாட்டுக்கும் மூச்சு ஒன்றுதான். குழல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே குழலை ஊதக்கூடிய நெஞ்சு பிறந்துவிட்டது.

அந்த மூச்சு யாருக்காகப் பாடியது?

சாள்ஸ் டார்வின் 1871இல் ஒரு பதில் சொன்னார். பறவைகளைப்போல மனித முன்னோரும் துணையைக் கவர்வதற்காகப் பாடியிருப்பார்கள், மொழி அதன் பின்னரே வந்திருக்கும் என்பது அவர் கருத்து. 1997இல் ஸ்டீவன் பிங்கர் என்ற உளவியலாளர் வேறொன்று சொன்னார். வேறு தேவைகளுக்காக வளர்ந்த மூளைக்கு இசை ஒரு கேக் துண்டு போன்றது, இனிப்பாக இருக்கிறது, இல்லாவிட்டாலும் உயிர் வாழலாம் என்றார். “பாட்டுச் சோறு போடுமோ?” என்று எங்கள் வீடுகளில் கேட்டார்களே, அதே கேள்விதான். இவர் அதைப் பேராசிரியராக இருந்து கேட்டார்.

எலன் திசாநாயக்க என்ற அமெரிக்க அறிஞர் இருக்கிறார். பெயரே சொல்வதுபோல, பல ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்தவர். கலைகளின் வேரைத் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையிலான கொஞ்சலில் தேட வேண்டும் என்பது அவர் வாதம். டீன் ஃபோல்க் என்ற மானுடவியலாளர் 2004இல் இன்னொரு கோணத்தைக் காட்டினார். சிம்பன்சிக் குட்டி தாயின் உரோமத்தைப் பற்றிக்கொண்டு தொங்கும். மனிதக் குழந்தை அப்படியல்ல. நிமிர்ந்து நடக்கும் எங்கள் இடுப்பெலும்பு ஒடுக்கமானது, குழந்தையின் தலையோ பெரியது. ஆகவே மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி பிறந்த பின்னரே நடக்கிறது. பிள்ளை தலையைக்கூடத் தூக்க முடியாமல் பிறக்கிறது. தாயிடமும் பற்றிக்கொள்ள உரோமம் இல்லை. கிழங்கு தோண்டவோ பழம் பொறுக்கவோ வேண்டுமென்றால் பிள்ளையை நிலத்தில் கிடத்தத்தான் வேண்டும். கையை எடுத்த இடத்தில் குரலை வைத்தாள் தாய் என்கிறார் ஃபோல்க். “அம்மா இங்கேதான் நிற்கிறேன்” என்பதைச் சொல்லில்லாத ஓசையால் சொன்னாள்.

இது ஊகந்தான். ஆனால் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய சான்றுகள் பிள்ளைகளிடமே இருக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிசு தாயின் குரலைக் கேட்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஹங்கேரியில் பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைகளுக்கு, உறங்கும்போது, ஒரு தாளத்தைக் கேட்கச் செய்தார்கள். இடையில் முதலடியை விட்டுவிட்டபோது அவர்களுடைய மூளையலைகள் வேறுபட்டன. மூன்று நாட் பிள்ளைக்குத் தாளம் தப்பியது தெரிகிறது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, பிரெஞ்சுத் தாய்மாரின் குழந்தைகள் அழும்போது ஓசை தாழ்விலிருந்து ஏறுகிறது என்றும், ஜேர்மனியத் தாய்மாரின் குழந்தைகளில் அது உயரத்திலிருந்து இறங்குகிறது என்றும் காட்டியது. தத்தம் தாய்மொழியின் மெட்டிலேயே அழுகிறார்கள்.

எங்களில் மகப்பேற்று விடுதிகளில் இரவுக்கடமை செய்தவர்கள் இதைத் தினமும் கேட்டிருக்கிறோம். முதல் பிள்ளை பெற்ற பெண், இருபது வயதிருக்கும், தனக்குப் பாட வராது என்று பகலில் சொன்னவள், இரவு இரண்டு மணிக்கு ஓராட்டுகிறாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சுருதி சேரவில்லை. பிள்ளைக்கு அது பொருட்டில்லை.

“பிள்ளை அழுதிருக்கும். தாய் பாடியிருப்பா.” ரீச்சர் மாமரத்தடியில் சொன்னதைத்தான் அறிஞர்கள் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனி, இந்தப் பேச்சின் உண்மையான காரணத்துக்கு வருகிறோம்.

1996 ஏப்ரலுக்குப் பின் ஊர் திரும்பினோம். இந்தக் கட்டடங்களின் சேதத்தைத் திருத்தி வகுப்புகள் தொடங்கின. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை முழு வகுப்பும் சேர்ந்து பாடும் வேளை. பரீட்சைக்குரியதல்ல. குரல் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் பாடவேண்டும். நாங்கள் சாதாரணதரப் பரீட்சை எடுக்கும் ஆண்டு வந்தது. அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தரும்படி அதிபரிடம் ஒரு கடிதம் கொடுத்தோம். பெற்றோர் எழுதவில்லை. ஆசிரியர் எவரும் தூண்டவில்லை. நாங்களே எழுதி, முப்பத்தெட்டுப் பேரும் கையொப்பம் வைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரீச்சர் வந்தார். “கணக்குத்தான் இப்ப தேவை, விளங்குது” என்றார். சுருதிப்பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் எங்கள் வகுப்புக்கு அவர் வரவில்லை. எங்களில் பலருக்குக் கணிதத்தில் அதிவிசேட சித்தி. ஐந்து பேர் வைத்தியர்களானோம். சிலர் பொறியியலாளர்கள், கணக்காளர்கள், ஆசிரியர்கள். மூன்று கண்டங்களில் இருக்கிறோம். மீண்டும் ஒருநாளாவது ஒன்றாகச் சேர்ந்து பாடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரீச்சருக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலக்கை விழுந்தது, பேச்சும் போனது. சொல்வது அவருக்கு விளங்கும், பதில் வராது. குடும்பத்தாரின் சம்மதத்துடன்தான் இதைச் சொல்கிறோம். எங்களில் நால்வர் அவரைப் பார்க்கப் போனோம். எங்கள் முகங்களை அடையாளம் கண்டுகொண்டார். பெயர் சொல்ல முயன்றார். ஒரே ஓர் அசைதான் திரும்பத் திரும்ப வந்தது. கண்ணீர் விட்டார். என்ன செய்வதென்று தெரியவில்லை. வைத்தியர்கள் இருவர் அருகிலிருந்தும் செய்ய எதுவும் இருக்கவில்லை. அப்போது எங்களில் ஒருத்தி, கணக்காளராக இருப்பவள், மெல்லிய குரலில் கல்லூரிக் கீதத்தைத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் ரீச்சர் சேர்ந்துகொண்டார். சொல்லோடு. ஒரு சொல்லும் தப்பாமல், கடைசி அடி வரைக்கும். பாட்டு முடிந்ததும் மீண்டும் அந்த ஓர் அசை.

இதற்கு விளக்கம் உண்டு. பேச்சை ஆளும் பகுதிகள் பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கின்றன. பாட்டு இரண்டு பக்கங்களையும் பயன்படுத்துகிறது. பழகிய பாட்டின் சொற்கள் வேறு வழியால் வெளியே வரமுடியும். 1973இல் பொஸ்ரன் நகரில் மூன்று வைத்திய ஆய்வாளர்கள் இதை ஒரு பயிற்சி முறையாக்கினார்கள். நோயாளி இடக்கையால் தாளமிட்டபடி, தேவையான சிறு வசனங்களை மெட்டில் சொல்லிப் பழகுவார். எல்லோருக்கும் பலிக்காது. பலிப்பவர்களுக்கும் பழைய பேச்சு முழுவதும் திரும்பாது. இது அற்புதம் அல்ல. இப்போது ரீச்சர் “தண்ணி வேணும்” என்பதையும் “கதவைத் திற” என்பதையும் மோகன ராகம்போல ஒன்றில் சொல்கிறார். அவ்வளவுதான். அந்த வீட்டில் அது மிகப் பெரிது.

அன்று திரும்பி வரும்போது வாகனத்துக்குள் ஒருவரும் பேசவில்லை. நாங்கள் கடிதம் எழுதி நிறுத்திய அந்தப் பாடவேளையில் கற்றதுதான் அவரிடம் போவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி. கணிதம் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதனால்தான் சோறு தின்கிறோம். ஆனால் 42,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்துக் குளிரில், பசியோடிருந்த மனிதர், ஒரு தந்தத்தைப் பிளந்து நாட்கணக்காகக் குடைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வயல் இல்லை, சட்டிபானை இல்லை, எழுத்து இல்லை. பாட்டு இருந்தது. எல்லா வேலையும் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அதைத் தள்ளி வைக்கவில்லை.

வெளிநாடுகளிலிருக்கும் அக்காமார், தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். கணினி அறைக்கும் விஞ்ஞான கூடத்துக்கும் நீங்கள் தாராளமாகத் தந்தீர்கள். சங்கீத அறையின் கூரை ஒழுகுகிறது. வாத்தியங்கள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் வகுப்பு அந்தக் கூரையைப் பொறுப்பேற்கிறது. வாத்தியங்களைத் திருத்துவதற்கு மற்ற வகுப்புகள் முன்வர வேண்டும்.

அதிபர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் திரும்பத் தாருங்கள். பரீட்சையும் புள்ளியும் இல்லாத வேளையாக, குரல் இல்லாதவர்களுக்கும் உரிய வேளையாக அது இருக்கட்டும்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத நினைத்தால், முப்பத்தெட்டுப் பேர் கையொப்பம் வைத்த எங்கள் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், முன்வரிசையில் இருக்கிறீர்கள். முதல் வாத்தியம் எது என்று படித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னீர்கள். கழுகின் எலும்பும் தந்தமும் சங்கும் பிறகு வந்தவை. முதல் வாத்தியம் நீங்கள் எங்களுக்குப் பழக்கிய மூச்சுத்தான். பிந்தி வந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ.

வழமைப்படி கல்லூரிக் கீதத்துடன் நிறைவு செய்வோம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். சுருதி பிடிக்கும் பிள்ளை, கொஞ்சம் தாழ்த்தி எடும் அம்மா. ரீச்சருக்கு இப்போது மேலே எட்டாது.